கெர்னல் கவிழ்ந்தால் பழி யார் மேல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது லினக்ஸ் போட்ட கணினி. ஒரு விபிஎன் மென்பொருளை ஓடவிட்டு, அதன் வழியாகப் பெரிய கோப்புகளை இறக்கினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் உறைந்துபோகிறது. மவுஸ் அசையாது. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வழியில்லை. விபிஎன்னை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், இயங்குதளத்தையே இரண்டு முறை புதிதாக நிறுவினேன், அதே கதைதான். லாக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. மென்பொருள்காரர்களோ எங்கள் மேல் தவறில்லை என்கிறார்கள். யாரைத்தான் பிடிப்பது?

பதில்: முதலில் மறுபடி மறுபடி நிறுவுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் தடயத்தை நீங்களே துடைத்துவிடுகிறீர்கள்.

அந்த விளக்கு மினுக்குவது நல்ல சேதி. லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளையும் நிரல்களையும் நிர்வகிக்கும் இயங்குதளத்தின் உட்கரு, பேனிக் ஆகும்போது கீபோர்டு விளக்கை அப்படி அடிக்கவிடும் (எல்லாக் கீபோர்டிலும் இது நடக்காது, உங்களுக்கு நடந்திருக்கிறது). ஆக இது ஏதோ ஹேங் ஆகிவிட்டது என்ற விஷயம் இல்லை. கெர்னல் தனக்குள் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, இதற்கு மேல் ஓடினால் ஆபத்து என்று தெரிந்தே நின்றிருக்கிறது. தெரிந்தே நின்றது என்றால் எங்கே, ஏன் என்று சொல்லிவிட்டும் நின்றிருக்கிறது. அந்த வாக்குமூலம் உங்கள் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மென்பொருள்காரர்கள் சொல்வது பாதி சரி. சாதாரண நிரல் ஒன்று எவ்வளவு கேவலமாக எழுதப்பட்டிருந்தாலும் அது தான் சாகலாமே தவிர கெர்னலைச் சாகடிக்க முடியக் கூடாது. ரூட் (நிர்வாகி) அனுமதியோடு வேண்டுமென்றே கவிழ்ப்பது வேறு விஷயம். சும்மா பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) அனுப்பி வாங்கும் நிரலால் கெர்னல் விழுகிறது என்றால் ஓட்டை கெர்னலில் இருக்கிறது, அல்லது நெட்வொர்க் கார்டின் டிரைவரில், அல்லது வன்பொருளில். அந்த நிரல் ஓட்டை இருந்த கதவைத் தட்டியிருக்கிறது, அவ்வளவே. மீதிப் பாதி என்னவென்றால், சில விபிஎன்கள் சொந்தமாக ஒரு கெர்னல் மாட்யூலையும் (கெர்னலுக்குள்ளேயே ஏறி ஓடும் நிரல் துண்டு) கூடவே நிறுவும். அப்படி நிறுவியிருந்தால் அவர்களும் வீட்டுக்குள் இருப்பவர்கள்தான், கைகழுவ முடியாது. எல்எஸ்மாட் கட்டளை கொடுத்து, ஏறியிருக்கும் மாட்யூல்களில் கெர்னலோடு வராத பெயர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். வயர்கார்டு மாதிரியானவை 2020-ல் வந்த 5.6 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன, அது இருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

சரி, லாக் ஏன் காலி? நெட்வொர்க் கோளாறின் தனிக்குணமே இதில்தான் இருக்கிறது. கெர்னல் ஏதோ ஒரு நிரலுக்காக வேலை செய்யும்போது தடுக்கி விழுந்தால், பெரும்பாலும் அந்த நிரலை மட்டும் கொன்றுவிட்டு, நடந்ததை லாக்கில் எழுதிவிட்டு, நொண்டிக்கொண்டாவது ஓடும். இதற்கு ஊப்ஸ் என்று பெயர். ஆனால் பாக்கெட் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கார்டு இன்டரப்ட் அடிக்கும், அந்த நொடியில் சிபியூ எதைச் செய்துகொண்டிருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு பாக்கெட்டைப் பார்க்க ஓடும். அந்த ஓட்டத்தில் விழுந்தால் கொல்வதற்கென்று ஒரு நிரல் கிடையாது, திரும்பிப் போக இடமும் கிடையாது. அதனால் 'ஃபேட்டல் எக்செப்ஷன் இன் இன்டரப்ட்' என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டு மொத்தமாக நின்றுவிடுகிறது. நின்ற கெர்னல் வட்டில் எதையும் எழுதாது, கோப்பு முறைமையையும் கெடுத்துவிடக் கூடாதே. உங்கள் திரையில் டெஸ்க்டாப் படம் உறைந்து நிற்க, அதன் பின்னால் அந்த வரிகள் யாருக்கும் தெரியாமல் போய்விடுகின்றன.

இதற்குத்தான் கேடம்ப் இருக்கிறது. கணினி ஏறும்போதே மெமரியில் ஒரு துண்டை, 256 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒதுக்கிவைக்கச் சொல்ல வேண்டும். பூட் வரியில் கிராஷ்கெர்னல் என்ற அளவுருவைச் சேர்த்தால் போதும். அந்தத் துண்டில் இன்னொரு குட்டிக் கெர்னல் தூங்கிக்கொண்டிருக்கும். பெரியவர் விழுந்ததும் கணினி ரீசெட் ஆகாமலே சின்னவர் எழுந்து, அணையாமல் இருக்கும் பழைய மெமரி முழுவதையும் ஒரு கோப்பாகப் பார்த்து, வேண்டாத பக்கங்களைக் கழித்துவிட்டு, வட்டில் எழுதிவிட்டு, அப்புறம்தான் ரீபூட் செய்வார். பெரும்பாலான விநியோகங்களில் இந்தக் கோப்பு 'வார்' அடைவுக்குள் இருக்கும் 'கிராஷ்' அடைவில் வந்து உட்காரும்.

அமைத்ததோடு விட்டுவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, 'ப்ராக்' அடைவில் உள்ள சிஸ்ஆர்க்யூ-டிரிகர் கோப்பில் ரூட்டாக 'சி' என்ற ஒற்றை எழுத்தை எழுதினால் கெர்னல் அந்த நிமிடமே வேண்டுமென்றே கவிழும். டம்ப், அதாவது அந்த மெமரிக் கோப்பு, வந்தால் சரி. வரவில்லை என்றால் ஒதுக்கிய மெமரி போதாமல் இருக்கலாம், கூட்டிப் பாருங்கள். மூன்று மணி நேரம் காத்திருந்து நிஜமாகவே விழுந்த பிறகு 'ஐயோ, கேடம்ப் வேலை செய்யவில்லையே' என்று தலையில் கைவைத்தவர்களில் நானும் ஒருவன்.

நெட்கன்சோல் என்று இன்னொன்று உண்டு, கெர்னல் சொல்வதையெல்லாம் யுடிபி பாக்கெட்டாக வேறொரு கணினிக்கு அனுப்பிவிடும். நல்ல கருவிதான். ஆனால் சந்தேகமே நெட்வொர்க் டிரைவர் மேல் இருக்கும்போது அதன் வழியாகவே செய்தி அனுப்பச் சொல்வது திருடன் கையில் சாவி கொடுத்த கதை. சீரியல் போர்ட் இருந்தால் அதுதான் கடைசி மூச்சு வரைக்கும் பேசும்.

இப்போது வாக்குமூலத்தைப் படிக்கும் விதம். இதில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது, 'காம்' என்று ஆரம்பித்து ஒரு நிரலின் பெயர் வரும். அதைப் பார்த்ததும் ஆகா, பிரவுசர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுவார்கள். மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். பாக்கெட் வந்தபோது சிபியூவில் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்கள் பெயர் அங்கே வரும். சும்மா இருந்த சிபியூவாக இருந்தால் 'ஸ்வாப்பர்' என்று வரும். விபத்து நடந்த தெருவில் அப்போது நடந்து போனவரைப் பிடித்து வண்டியை நீதானே ஓட்டினாய் என்று கேட்பது மாதிரி. இன்டரப்டில் நடந்த விபத்துகளில் அந்தப் பெயருக்கு அநேகமாக எந்த மதிப்பும் இல்லை.

மதிப்புள்ளது அதற்குக் கீழே வரும் 'ஆர்ஐபி' வரி. விழுந்த செயற்கூறின் பெயர், அதற்குள் எத்தனையாவது பைட், மொத்த நீளம் எவ்வளவு என்று கொடுத்திருக்கும். பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஏதாவது பெயர் இருந்தால் அது மாட்யூலின் பெயர். அதன் பிறகு கால் டிரேஸ், யார் யாரை அழைத்து இங்கே வந்து சேர்ந்தார்கள் என்ற வரிசை. அதில் கேள்விக்குறி போட்ட வரிகளை நம்பாதீர்கள், அவை ஸ்டாக்கில் (அழைப்புகளைக் குறித்துவைக்கும் மெமரி) மிச்சம் கிடக்கும் பழைய எச்சங்களாக இருக்கலாம்.

தொட முயன்ற முகவரியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முகவரி 18 என்று ஹெக்ஸில் சின்னதாக இருந்தால், காலி பாயின்டர் (எதையும் சுட்டாத மெமரி முகவரி) ஒன்றை எடுத்து அதன் 24-வது பைட்டில் உள்ள உறுப்பைத் தொடப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். '6பி6பி6பி' என்று வரிசையாக வந்தால், ஸ்லப் டீபக் வசதி, விடுவித்த மெமரியில் பூசிவைக்கும் விஷம் அது, விட்டுவிட்ட மெமரியை யாரோ திரும்பத் தொட்டிருக்கிறார்கள். 'டெட்' என்று ஆரம்பித்து 100 அல்லது 122 என்று முடிந்தால், பட்டியலிலிருந்து ஏற்கெனவே கழற்றப்பட்ட ஒன்றை இன்னொரு முறை கழற்றப் பார்த்திருக்கிறார்கள். கெர்னல் எழுதியவர்களுக்கு இந்த அளவுக்காவது கிண்டல் உணர்வு இருக்கிறது.

'டெயின்டட்' வரியையும் விடாதீர்கள். அதில் 'டி' எழுத்து இருந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது முதல் விபத்தே இல்லை, ஏற்கெனவே ஒரு ஊப்ஸ் நடந்து அதன் பின்விளைவு இது. மேலே போய் முதலாவதைத் தேடுங்கள். 'ஓ' இருந்தால் கெர்னலோடு வராத மாட்யூல் ஏறியிருக்கிறது. 'பி' இருந்தால் மூடிய உரிமம் கொண்ட ஒன்று. இந்த எழுத்துகளோடு கெர்னல்காரர்களிடம் போனால், முதலில் அதைக் கழற்றிவிட்டு வா என்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

டம்ப் வரும்வரை ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஈத்டூல் கட்டளை வைத்து ஜிஆர்ஓ, டிஎஸ்ஓ என்ற இரண்டு வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்குவதும், பெரியதைச் சின்னதாக வெட்டும் வேலையைக் கார்டிடம் தள்ளிவிடுவதும் இவற்றின் பணி. விபிஎன் ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் போட்டு மூடுவதால் இந்த வெட்டலும் சேர்த்தலும் சிக்கலான பாதையில் போகும், டிரைவர் பிழைகள் அங்கே நிறைய ஒளிந்திருக்கும். அணைத்த பிறகு இரண்டு நாள் விழாமல் இருந்தால் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஒன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று எழுதும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன, எதனால் சரியானது என்று கேட்டால் பதில் இருக்காது.

கேள்வி: எனக்கு விண்டோஸ். வீடியோ அழைப்பின் நடுவே நீலத் திரை வருகிறது. 'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்', கீழே 'என்டிஐஎஸ்.சிஸ்' என்று காட்டுகிறது. அந்தக் கோப்பை இணையத்திலிருந்து புதிதாக இறக்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அது மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோப்பு, எல்லா நெட்வொர்க் டிரைவர்களும் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன. எல்லோரும் கடக்கும் பாலத்தின் மேல் பிணம் கிடந்தால் பாலம் கொன்றது என்று ஆகாது. கண்ட இடத்தில் இறக்கிய சிஸ்டம் கோப்பைப் போட்டால் இருக்கிற தொல்லையோடு வைரஸும் சேரும்.

அந்த நீளமான பெயரின் அர்த்தம் இதுதான். கெர்னல் அவசர வேலையில், அதாவது உயர்ந்த ஐஆர்க்யூஎல் நிலையில் இருக்கும்போது, வட்டிலிருந்து மெமரிக்குக் கொண்டுவர வேண்டிய பக்கம் எதையும் தொடக் கூடாது, அந்த நிலையில் காத்திருக்க அனுமதியில்லை. எவரோ தொட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த முகவரியே குப்பையாக இருக்கும், விடுவித்த மெமரியோ காலி பாயின்டரோ. நெட்வொர்க் வேலைகள் அநேகமாக இந்த அவசர நிலையில்தான் நடக்கின்றன, அதனால்தான் இந்த டி1 எண் பிழை நெட்வொர்க்காரர்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது.

விண்டோஸ் அடைவுக்குள் 'மினிடம்ப்' என்று ஓர் அடைவு இருக்கும். அதில் உள்ள கோப்பை விண்டிபிஜி என்ற இலவசக் கருவியில் திறந்து, ஆச்சரியக்குறி போட்டு 'அனலைஸ்', அதற்குப் பின்னால் ஒரு கோடு, 'வி' என்று கொடுத்தால் ஸ்டாக்கை விரித்துக் காட்டும். அதில் மைக்ரோசாஃப்டுடையது அல்லாத பெயர் எது என்று மட்டும் தேடுங்கள். கார்டின் டிரைவர், ஆன்டிவைரஸின் நெட்வொர்க் வடிகட்டி, பழைய விபிஎன் ஒன்றின் மிச்சம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் அநேகமாக இருக்கும். மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மென்பொருளை நீக்கியிருப்பீர்கள், ஆனால் அது நெட்வொர்க் அடாப்டரில் ஒட்டிவிட்டுப் போன வடிகட்டி அப்படியே இருக்கும். அடாப்டரின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து, டிக் போட்ட பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு டம்பிலும் வேறு வேறு பெயர் வந்தால், டிரைவர் வெரிஃபையர் என்ற வசதியை மைக்ரோசாஃப்டுடையது அல்லாத டிரைவர்களுக்கு மட்டும் இயக்கலாம். ஒவ்வொரு டிரைவரையும் கண்காணித்து, தப்புச் செய்த அந்தக் கணத்திலேயே கணினியைக் கவிழ்த்துவிடும், அதனால் பழி சரியான ஆள் மேல் விழும். எச்சரிக்கையும் உண்டு, டிரைவர் மோசமாக இருந்தால் கணினி ஏறும்போதே விழுந்து விழுந்து எழும். சேஃப் மோடில் போய் அதை ரீசெட் செய்யத் தெரிந்துகொண்ட பிறகு இயக்குங்கள்.

கேள்வி: சார், நான் கல்லூரி மாணவன். புராஜெக்டுக்காக லினக்ஸில் நெட்ஃபில்டர் கொக்கி போட்டு ஒரு மாட்யூல் எழுதினேன். கடந்து போகும் பாக்கெட்டில் ஒரு சொல்லைத் தேடி, அதே நீளமுள்ள வேறு சொல்லாக மாற்றும். சின்ன சோதனைகளில் அழகாக ஓடுகிறது. பெரிய கோப்பு ஒன்றை இறக்கினால் சிறிது நேரத்தில் கெர்னல் விழுகிறது. டிரேஸில் 'எஸ்கேபி_ரிலீஸ்_டேட்டா' என்று கெர்னலின் செயற்கூறு காட்டுகிறது, என் மாட்யூலின் பெயரே இல்லை. கெர்னல் பிழை என்று அறிக்கையில் எழுதிவிடலாமா?

பதில்: எழுதிவிடாதீர்கள், வெட்கப்பட நேரும். உங்கள் நிரலைப் பார்க்காமலே சொல்கிறேன், தவறு உங்களுடையதுதான் என்று. அதே நீளம் என்று யோசித்திருக்கிறீர்களே, அதற்கு ஒரு சபாஷ், நீளம் மாறியிருந்தால் டிசிபியின் (தரவை வரிசை குலையாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) வரிசை எண்கள் எல்லாம் குழம்பியிருக்கும்.

கெர்னலில் பாக்கெட் என்பது நீளமாக ஒரே துண்டாகக் கிடக்கும் என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். சின்னப் பாக்கெட்டுக்கு அது உண்மை. பெரிய இறக்கத்தில் ஜிஆர்ஓ பல பாக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்த்துவிடும், அப்போது தலைப்புகள் மட்டும் முன்னால் இருக்கும் நேர்த்துண்டில் இருக்கும், உள்ளடக்கம் வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். நீங்களோ மொத்த நீளத்தை எடுத்துக்கொண்டு தலைப்பின் முடிவிலிருந்து நேராக நடந்துபோகிறீர்கள். நேர்த்துண்டு முடிந்த இடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? 'எஸ்கேபி ஷேர்ட் இன்ஃபோ' என்ற அமைப்பு. அந்தச் சிதறிய பக்கங்கள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்ற குறிப்பே அங்கேதான் இருக்கிறது. படித்துக்கொண்டு அதைத் தாண்டினால் குப்பையைப் படிப்பீர்கள். அந்த எல்லைக்கு வெளியே தற்செயலாக உங்கள் சொல் பொருந்திவிட்டால், பழைய பாக்கெட் ஒன்றின் எச்சம் அங்கே கிடந்தால் பொருந்தத்தான் செய்யும், மேலே எழுதியும் விடுவீர்கள்.

எழுதிய நொடியில் ஒன்றும் ஆகாது. பாக்கெட் தன் வழியே போகும், வேலை முடிந்து அதை விடுவிக்கும்போது 'எஸ்கேபி_ரிலீஸ்_டேட்டா' அந்தக் குறிப்பைப் படித்து, இல்லாத ஒரு பக்கத்தை விடுவிக்கப் போய் விழும். அந்த நேரத்தில் உங்கள் மாட்யூல் வேலையை முடித்துவிட்டு எப்போதோ போயிருக்கும். குத்துப்பட்டது ஒரு தெருவில், விழுந்தது இன்னொரு தெருவில்.

பாக்கெட்டைத் தொடும் முன் தேவையான அளவுக்கு 'பிஎஸ்கேபி_மே_புல்' அழையுங்கள். எழுதப் போகிறீர்கள் என்பதால் 'எஸ்கேபி_என்ஷ்யூர்_ரைட்டபிள்' இன்னும் சரி. ஏனென்றால் அதே தரவை, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் போல வேறொருவரும் பகிர்ந்து வைத்திருக்கலாம், அவர்கள் தட்டில் நீங்கள் கைவைக்கக் கூடாது. இரண்டில் எதை அழைத்தாலும் தரவு வேறு இடத்துக்குக் குடிபெயரலாம், அதனால் முன்பு எடுத்துவைத்த தலைப்பு பாயின்டர்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எடுங்கள். இந்தக் கடைசி வரியை மறந்ததால் வந்த பிழைகள் பெரிய ஆட்கள் எழுதிய நிரலிலேயே இருந்திருக்கின்றன. உள்ளடக்கத்தை மாற்றிய பிறகு செக்சம்மை (பாக்கெட் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) சரிசெய்யவும் மறக்காதீர்கள்.

இன்னும் மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள். கொக்கிக்குள் மெமரி கேட்கும்போது ஜிஎஃப்பி கெர்னல் என்று கேட்டிருந்தால் அது தூங்கப் போகலாம், அங்கே தூங்கக் கூடாது, ஜிஎஃப்பி அட்டாமிக் என்று மாற்றுங்கள். பாக்கெட்டை நீங்களே விடுவித்துவிட்டு 'டிராப்' என்று திருப்பி அனுப்பினால் கெர்னல் இரண்டாவது முறை விடுவிக்கும். மாட்யூலைக் கழற்றும்போது கொக்கியைக் கழற்றாவிட்டால் அடுத்த பாக்கெட் வெறும் காற்றில் கால் வைக்கும்.

உங்கள் ஆசிரியர் கேசன் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். 2015-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து கெர்னலில் இருக்கும் அருமையான கருவி, தப்பான மெமரியைத் தொட்ட இடத்திலேயே பிடித்துக் கொடுக்கும். ஆனால் உங்கள் முதல் பிழையில் அது ஏமாற்றிவிடும். நேர்த்துண்டும் ஷேர்ட் இன்ஃபோவும் ஒரே ஒதுக்கீட்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டியது அதன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது முறை விடுவிக்கும் பிழையை மட்டும் கண்டிப்பாகப் பிடிக்கும். எதுவானாலும் இதையெல்லாம் உங்கள் சொந்தக் கணினியில் செய்யாதீர்கள். கியூஇஎம்யூ மெய்நிகர் கணினியில் போட்டு, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை வெளியிலிருந்து இணைத்துக்கொண்டால் நூறு முறை விழுந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

கேள்வி: கெர்னலை அப்டேட் செய்த பிறகுதான் என் சர்வர் விழ ஆரம்பித்தது. பழைய பதிப்புக்குப் போனால் சரியாக இருக்கிறது. இடையில் எந்த மாற்றம் கெடுத்தது என்று ஆயிரக்கணக்கான மாற்றங்களில் எப்படித் தேடுவது?

பதில்: தேட வேண்டாம், பாதியாக வெட்டுங்கள். கிட் பைசெக்ட் அதற்காகவே இருக்கிறது. நல்ல பதிப்பு இது, கெட்ட பதிப்பு இது என்று சொன்னால் நடுவில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும், அதைக் கட்டி ஓட்டி நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும், அப்புறம் மீதியில் நடு. இரண்டு அடுத்தடுத்த லினக்ஸ் வெளியீடுகளுக்கு நடுவே பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருக்கும், ஆனாலும் 14 முறை வெட்டினால் ஒன்றில் வந்து நிற்கும்.

சிக்கல் வேறு இடத்தில். உங்களுடையது எப்போதாவது விழும் பிழை. சராசரியாக 3 மணி நேரத்துக்கு ஒரு முறை விழுகிறது என்று வையுங்கள். ஒரு பதிப்பை 3 மணி நேரம் ஓட்டிப் பார்த்து 'விழவில்லை, நல்லது' என்றால், கெட்ட பதிப்பே அப்படித் தப்பிக்க ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 9 மணி நேரம் ஓட்டினால் 5 சதவீதம். அதுவும் போதாது, ஏனென்றால் வழியில் ஏழெட்டுக் கெட்ட பதிப்புகளைச் சந்திப்பீர்கள், ஒன்றே ஒன்றை நல்லது என்று தப்பாகச் சொல்லிவிட்டாலும் அதற்குப் பிறகான வெட்டெல்லாம் தவறான பக்கம் போய்விடும். 15 மணி நேரம் கொடுத்தால் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கும். கெட்டது என்று சொல்வதற்குக் காத்திருக்கவே வேண்டாம், விழுந்தால் விழுந்ததுதான். விழும் விபத்து அதே விபத்துதானா என்று மட்டும் டிரேஸைப் பார்த்து உறுதி செய்யுங்கள். நடுப் பதிப்புகளில் சம்பந்தமே இல்லாத வேறு பிழைகளும் இருக்கும்.

இத்தனை நாள் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் முதலில் விபத்தை அடிக்கடி நடக்க வையுங்கள். ஐபெர்ஃப் போன்ற கருவியால் இணைப்பை நிரப்புங்கள், இணைப்பைத் திறந்து மூடுவதைச் சுழற்சியில் போடுங்கள், இடைமுகத்தை ஏற்றி இறக்குங்கள். 3 மணி நேரம் 3 நிமிடமானால் வேலை ஒரே நாளில் முடியும். என்னைக் கேட்டால் பைசெக்டில் உட்காருவதைவிட இதில் செலவழிக்கும் நேரத்துக்குத்தான் பலன் அதிகம்.

கேள்வி: வெளியில் இருக்கும் யாரோ ஒரு பாக்கெட் அனுப்பி என் கணினியின் கெர்னலைக் கவிழ்க்க முடியுமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 1996, 97 வாக்கில் 'பிங் ஆஃப் டெத்' என்று ஒன்று இருந்தது. ஒரு ஐபி பாக்கெட் 65,535 பைட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, ஆனால் துண்டு துண்டாக அனுப்பி, ஒட்டும்போது அதைத் தாண்டுமாறு செய்தார்கள். ஒட்டும் இடத்தில் யாரும் அளவு பார்க்கவில்லை. அந்தக் காலத்து இயங்குதளங்கள் பல அப்படியே சாய்ந்தன.

பழங்கதை என்று நினைத்தால் 2019 ஜூனில் வெளியான 'சாக் பேனிக்' இருக்கிறது, நெட்ஃபிளிக்ஸில் வேலை செய்தவர் கண்டுபிடித்தது, எண் சிவிஇ-2019-11477. எனக்கு மிகவும் பிடித்த பிழை, ஏனென்றால் கணக்குப் போட்டே புரிந்துகொள்ளலாம். லினக்ஸில் ஒரு சாக்கெட் பஃபரில் (பாக்கெட்டின் தரவை வைத்திருக்கும் அமைப்பு) 17 துண்டுகள் வரை இருக்கும், ஒவ்வொன்றிலும் 32 கேபி வரை. எதிர்முனை, ஒரு செக்மென்டுக்கு 48 பைட்தான் தாங்குவேன் என்று சொல்லிவிட்டால், ஆப்ஷன்கள் 40 பைட் போக 8 பைட்தான் தரவு. 17 தடவை 32 கேபியை 8-ஆல் வகுத்துப் பாருங்கள், 69,632 செக்மென்டுகள். அதை எண்ணி வைத்த இடம் 16 பிட், 65,535 வரைதான் பிடிக்கும். எண்ணிக்கை சுற்றிவந்து சின்ன எண்ணாகிவிட, கெர்னலின் சரிபார்ப்பு ஒன்று இது நடக்கவே கூடாதே என்று பேனிக் அடித்தது. 2.6.29 முதல் எல்லாப் பதிப்பிலும் இருந்த ஓட்டை, பத்து வருடம் யார் கண்ணிலும் படவில்லை. திருத்தம் போடும்வரை டிசிபி சாக் வசதியை (எந்தத் துண்டுகள் வந்து சேர்ந்தன என்று அனுப்பியவருக்குச் சொல்லும் முறை) அணைத்து வைக்கச் சொன்னார்கள்.

விண்டோஸ்காரர்களும் குதிக்க வேண்டாம், 2020 அக்டோபரில் அவர்களுடைய 'டிசிபிஐபி.சிஸ்' ஒரு ஐபிவி6 அறிவிப்புப் பாக்கெட்டால் விழுந்தது. ஒற்றைப்படையாக இருக்க வேண்டிய நீள எண் ஒன்றை இரட்டைப்படையாகக் கொடுத்தால் போதுமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் திருத்தம் வந்துவிட்டது. அப்டேட் போடாமல் தள்ளிக்கொண்டே போகும் நண்பர் யாராவது சிரித்தவர்களில் இருந்தால் அவரிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: நான்கு டம்ப் எடுத்துவிட்டேன். நான்கும் நான்கு இடத்தில் விழுந்திருக்கின்றன. ஒன்று நெட்வொர்க், ஒன்று கோப்பு முறைமை, மற்ற இரண்டும் எங்கோ. எதைத் துரத்துவது?

பதில்: எதையும் துரத்தாதீர்கள், மெம்டெஸ்ட் (மெமரியைச் சோதிக்கும் நிரல்) போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். நிரலில் பிழை என்றால் டிரேஸ்களுக்குள் ஏதாவது ஒரு சொந்தம் தெரியும். சம்பந்தமே இல்லாமல் சிதறினால் மெமரி சிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நெட்வொர்க் வேலை மெமரியைச் சளைக்காமல் எடுத்து விடுவித்துக்கொண்டே இருப்பதால், கெட்டுப்போன ஓர் இடத்தை அதுதான் அடிக்கடி மிதிக்கும், பெயரும் அதற்கே கெடும். டம்பில் இருக்க வேண்டிய மதிப்புக்கும் இருக்கிற மதிப்புக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம் என்று தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நான் ஒருமுறை நான்கு நாள் ஒரு டிரைவரின் நிரலை வரி வரியாகப் படித்து, அதில் ஒரு பிழையையும் 'கண்டுபிடித்து', அதைத் திருத்தியும் கணினி விழுந்துகொண்டே இருந்தது. ஐந்தாவது நாள் மெம்டெஸ்ட் பதினோராவது நிமிடத்தில் சிவப்புக் காட்டியது.

ராத்திரி முழுக்க ஓடி ஒன்றும் காட்டவில்லை என்றால், ஓவர்கிளாக் ஏதாவது வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, ஐந்தாவது டம்ப் வந்ததும் எழுதுங்கள்.